சங்கம் வைக்கத் தடை: உளவுத்துறையின் கீழ்நிலை ஊழியர்கள்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு உரைக்கு உளவுத்துறையில் வேலை செய்பவர்களைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம்மைப் பற்றி அவர்கள் எழுதுவதுதான் வழக்கம். மாவட்டத்தில் எங்கே ஒரு தலித் கூட்டம் நடந்தாலும் கடைசி வரிசையில் மப்டியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் தலைமை, எத்தனை பேர், என்ன தீர்மானம், எத்தனை மணிக்குக் கலைந்தது என்று குறித்துக்கொண்டு போவார். இன்றைக்கும் வந்திருக்கலாம், வந்திருந்தால் அவரும் கேட்கட்டும். பேச்சில் பாதி அவரைப் பற்றியது.

பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. நெய்வேலியிலும் பண்ருட்டியிலும் கடலூரிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளின் பட்டியலில் ஐ.பி. தேர்வும் இருக்கிறது. உதவி மத்திய உளவு அலுவலர், அதாவது ஏ.சி.ஐ.ஓ. நிலை 2. அறிவிப்பில் எஸ்.சி., எஸ்.டி. இடங்கள் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் பாதுகாப்புப் படி என்றும், இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் பணி என்றும் போட்டிருக்கும். அந்த வேலையில் சேர்பவர் எதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. வரலாறு சொன்னால்தான் அது தெரியும்.

உளவுத்துறை அனுபவம் என்றால் மேலே இருந்தவர்கள் எழுதியதுதான் கடையில் கிடைக்கிறது. ஐ.பி.யில் இணை இயக்குநராக இருந்த எம்.கே. தார் எழுதினார், 'ரா'வில் உயர் பதவி வகித்த பி. ராமன் எழுதினார். இருவரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இரண்டுமே பயனுள்ள நூல்கள். ஆனால் அவற்றில் பிரதமர்கள் வருகிறார்கள், தூதரகங்கள் வருகின்றன. கோப்பைத் தட்டச்சு செய்தவரும், ஒட்டுக்கேட்ட ஒலிநாடாவை மொழிபெயர்த்தவரும், கூட்டத்தில் குறிப்பெடுத்தவரும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் நமக்குக் கிடைப்பது வேறோர் இடத்தில்: அவர்கள் வேலை இழந்து, வழக்குப் போட்டு, தோற்ற தீர்ப்புகளில்.

எதிராளியின் காகிதத்திலிருந்து வரலாற்றை மீட்டெடுப்பது நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' பத்திரிகையின் இதழ்த் தொகுதி நம் கைக்கு வந்து சேரவில்லை. அந்தப் பத்திரிகை என்ன எழுதியது என்பதை நாம் பெரிதும் தெரிந்துகொள்வது, சென்னை மாகாண அரசு ரகசியமாகத் தயாரித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளிலிருந்துதான். எந்தப் பத்திரிகை அரசைப் பற்றி என்ன பேசுகிறது என்று கவனிக்க அரசு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள் தமிழில் படித்து, தேவை என்று பட்டதை ஆங்கிலத்தில் சுருக்கி மேலே அனுப்பினார்கள். இன்று நம் ஆய்வாளர்கள் அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்குகிறார்கள். சீனிவாசன் தாத்தா எழுதிய தமிழ் போயிற்று. கண்காணிப்பு மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவின் சுருக்கம் நின்றது. அந்தக் குமாஸ்தா எதை விட்டார், எதைத் திரித்தார் என்று கேட்க இப்போது வழியில்லை.

பம்பாயிலும் இதே கதை. மகாராஷ்டிர அரசு 1982இல் வெளியிட்ட, அம்பேத்கரையும் தீண்டப்படாதோர் இயக்கத்தையும் பற்றிய மூலாதாரத் தொகுதியைப் புரட்டினால், நடுநடுவே பம்பாய் போலீஸாரின் ரகசியச் சுருக்கங்கள் வருகின்றன. பாபாசாகேப் பேசிய கூட்டங்களுக்கு ஆள் அனுப்பி எழுதவைத்த குறிப்புகள் அவை. தமிழ்நாட்டில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908இல் பேசிய பேச்சுகளுக்குப் போலீஸார் எடுத்த குறிப்புகளே வழக்கில் சாட்சியமாயின; நீதிபதி பின்ஹே அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். கீழ்நிலை ஊழியர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு இது போதும். அவருடைய சம்பளத்துக்கும் அந்தக் கனத்துக்கும் சம்பந்தம் இருந்ததில்லை.

அமைப்பின் பிறப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐ.பி. தன் தொடக்கத்தை 1887இல் வைக்கிறது. பிரிட்டிஷ் இந்திய அரசு மத்திய சிறப்புப் பிரிவை ஏற்படுத்திய ஆண்டு அது. 1904இல் குற்ற உளவுத் துறை என்று பெரிதாக்கப்பட்டபோது, தக்கர்களையும் கொள்ளையர்களையும் ஒடுக்கவென்று அதற்கு முன்பு 70 ஆண்டுகளாக நடந்துவந்த பழைய துறை கலைக்கப்பட்டு அதன் வேலை இதற்குள் வந்தது. 1920இல்தான் இன்டெலிஜென்ஸ் பீரோ என்ற பெயர். 'பிறப்பிலேயே குற்றவாளி' என்று மனிதர்களைக் குலம் குலமாகப் பட்டியலிட்ட பழக்கமும் அரசியல் உளவும் ஒரே கூரைக்கு வந்தது இப்படித்தான். தூரத்துச் சங்கதி அல்ல. இதே தென்னார்க்காடு மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேப்பூரின் பெயரைச் சேர்த்து 'வேப்பூர் பறையர்' என்று ஒரு குற்றக் கூட்டத்தை அரசு ஆவணங்கள் உண்டாக்கி வைத்திருந்தன. ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும் சேர்ந்தால் குற்றப் பெயர் ஆகிவிடும். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 வரை இருந்தது.

சரி, மையமான கதைக்கு வருகிறேன். அது 1979இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு நாடு முழுக்கக் காக்கி உடுப்புக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. பஞ்சாபில் காவலர்கள் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்நாடு உட்பட மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. பொகாரோ உருக்காலையில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் கிளர்ந்தபோது ராணுவத்தை அனுப்பி ஆயுதங்களைப் பறித்தார்கள். நெய்வேலியில் வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். ஆட்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்தச் செய்தியின் கனம் புரியும்.

அதே 1979இல் ஐ.பி.யின் கெசட்டெட் அல்லாத ஊழியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் கீழ்நிலை உளவு அலுவலர்களும் உதவியாளர்களும். இந்த அமைப்புகளில் உச்சிப் பதவிகள் பெரும்பாலும் ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு, டெபுடேஷனில் வருபவர்களுக்கு. நேரடியாகச் சேர்ந்து அங்கேயே தலைநரைப்பவர்களுக்கு மேலே ஓர் எல்லைக்கு அப்புறம் படி கிடையாது. நிலக்கரி நிறுவனத்திலோ ரயில்வேயிலோ இப்படி ஒரு குறை இருந்தால் சங்கக் கட்டடத்தில் ராத்திரி கூட்டம் போட்டு மறுநாள் கேட் மீட்டிங்கில் பேசிவிடலாம். இவர்களும் அதைத்தான் முயன்றார்கள். உளவு ஊழியர்கள் சங்கம் வைக்கக் கூடாது என்று அவர்களுக்கென ஒரு தனிச் சட்டம் அன்றைக்கு இல்லை. நிர்வாகம் 1980இல் சுற்றறிக்கை விட்டுச் சங்க வேலையைத் தடுத்தது. சங்கத்தார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

'ரா'வில் நடந்தது இன்னும் சூடானது. டெல்லித் தலைமையகத்தில் ஊழியர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தன. வேவு பார்க்கும் அலுவலகத்தில் வேவு பார்ப்பவர்களுக்கே சோதனை. 1980 நவம்பர் இறுதியில் ஊழியர்கள் அதிகாரிகளைக் கெரோ செய்தார்கள். போலீஸ் உள்ளே வந்து அதிகாரிகளை மீட்டது, ஊழியர்களைக் கைது செய்தது. அதைக் கண்டித்து மற்ற ஊழியர்கள் பென்-டவுன் போராட்டத்தில் இறங்கினார்கள். நாற்காலியில் இருப்பார்கள், வேலை நடக்காது. டெல்லிக்கு வெளியே இருந்த அலுவலகங்களுக்கும் அது பரவியது.

டிசம்பரில் டிஸ்மிஸ் ஆணைகள் வந்தன. 'ரா' ஊழியர்களும் சரி, ஐ.பி. சங்கப் பொறுப்பாளர்களும் சரி, விசாரணையே இல்லாமல் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

விசாரணை இல்லாமல் எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். அரசு ஊழியரை நீக்க வேண்டுமென்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவருக்கு வாய்ப்பளித்து, விசாரித்த பிறகே நீக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 311(2) பிரிவு. சாதாரண ஊழியனுக்கு இருக்கும் பெரிய காப்பு அது. ஆனால் அதற்குக் கீழே மூன்று விலக்குகள் தொங்குகின்றன. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் விசாரணை வேண்டாம், இது அ. விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று அதிகாரி கருதினால் வேண்டாம், இது ஆ. நாட்டின் பாதுகாப்பு நலனுக்காக விசாரணை உசிதமல்ல என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால் வேண்டாம், இது இ. 'ரா' ஊழியர்கள்மீது ஆ பாய்ந்தது. ஐ.பி. ஊழியர்கள்மீது இ பாய்ந்தது.

அதிகாரிகளை அறைக்குள் அடைத்துவைத்தது சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. யார் அடைத்தார், யார் வெளியே நின்றார், யார் வெறுமனே பேனாவைக் கீழே வைத்தார் என்று பிரித்தறியத்தான் விசாரணை. பார்த்த சாட்சிகள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். உலகம் முழுக்க ஒளிந்திருப்பதைத் துப்பறியும் ஓர் அமைப்பு, தன் மாடியில் நடந்ததை விசாரிக்க இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

இனி தேதிகளைக் கவனியுங்கள். சங்கம் 1979இல். டிஸ்மிஸ் 1980இல். நம் அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு, அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அனுமதி தருவது. தொடக்கத்தில் அது ஆயுதப் படைகளையும் பொது ஒழுங்கைக் காக்கும் படைகளையும் மட்டுமே சொன்னது. உளவு அமைப்புகளின் ஊழியர்கள் அதில் இல்லை. 1984இல் 50ஆவது திருத்தம் கொண்டுவந்து அவர்களைச் சேர்த்தார்கள். 1985 ஜூலை 11ஆம் தேதி துளசிராம் படேல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விசாரணையற்ற டிஸ்மிஸ் அதிகாரத்துக்கு விரிவான ஒப்புதல் தந்தது; நீதிபதி தக்கர் மட்டும் மாறுபட்டார். செப்டம்பரில் உளவு அமைப்புகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. அதே செப்டம்பரில் சத்யவீர் சிங் வழக்கில் 'ரா' ஊழியர்கள் தோற்றார்கள். தடை செய்யும் சட்டம் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தண்டனை நடந்து முடிந்திருந்தது.

ஐ.பி. ஊழியர்களின் வழக்கு, கௌல் வழக்கு என்று பெயர், 1995 வரை இழுத்தது. குடியரசுத் தலைவரின் திருப்தி என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் எட்டியே பார்க்க முடியாது என்ற அரசின் வாதம் அதில் ஏற்கப்படவில்லை. ஒரு வரம்புக்குள் பார்க்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். சட்டப் புத்தகத்துக்கு அது வரவு. சங்கம் வைத்தவர்களுக்கு அதற்குள் 14 ஆண்டுகள் போய்விட்டன. சின்னப் பிள்ளைகளோடு வேலை போனவர்களின் பிள்ளைகள் கல்லூரி முடித்திருப்பார்கள்.

இதே ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செல்டனாம் என்ற ஊரில் ஜி.சி.எச்.க்யூ. என்ற ஒட்டுக்கேட்பு உளவு நிலையம் இருக்கிறது. 1984 ஜனவரியில் தாட்சர் அரசு அங்கே தொழிற்சங்கத்தைத் தடை செய்தது. உறுப்பினர் அட்டையை ஒப்படைப்பவருக்கு ஆயிரம் பவுண்டு. பெரும்பாலோர் வாங்கிக்கொண்டார்கள். மறுத்து நின்றவர்களில் 14 பேர் கடைசியில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போய்த் தோற்றது. இங்கே மாதிரியே 'தேசப் பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லில் தோற்றது. ஆனால் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் அந்த 14 பேரைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் அந்த ஊரில் பேரணி நடத்தினார்கள். 1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் தடை நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவர்கள் திரும்பி வரலாம் என்றும் சொன்னார்கள். நம் நாட்டில் டெல்லி ஊழியர்களுக்காக எந்த மத்தியத் தொழிற்சங்கமும் ஆண்டுக்கு ஒரு பேரணி போட்டதாக நாம் கேள்விப்படவில்லை. 'அவன் போலீஸ்காரன், நமக்கென்ன' என்ற எண்ணம் இடதுசாரிகளிடமும் இருந்தது, நம்மிடமும் இருந்தது.

1985 சட்டம் சில பக்கங்கள்தான். அதன் மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உளவு அமைப்பின் ஊழியர் தொழிற்சங்கத்திலோ அரசியல் சங்கத்திலோ உறுப்பினராகவோ எந்த வகையிலும் தொடர்பிலோ இருக்கக் கூடாது. முன் அனுமதி இல்லாமல் பத்திரிகையோடு பேசக் கூடாது. புத்தகம், கடிதம், துண்டறிக்கை, சுவரொட்டி எதையும் வெளியிடக் கூடாது. அமைப்பின் வேலை, கட்டமைப்பு, ஆட்கள், நிர்வாகம் பற்றி, உத்தியோகக் கடமை தவிர வேறு எதற்காகவும் யாரோடும் பேசக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2021இல் ஓய்வூதிய விதியைத் திருத்தி, ஓய்வுபெற்ற பிறகும் அனுமதியின்றி எழுதக் கூடாது, எழுதினால் ஓய்வூதியத்துக்கு ஆபத்து என்று ஆக்கிவிட்டார்கள்.

ரகசியத்தைக் காப்பதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்றால் 1923இலிருந்து அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது. இந்தச் சட்டம் காப்பது வேறு ஒன்றை.

அது எதைக் காக்கிறது என்பதற்கு ஒரு பெண் அதிகாரியின் வழக்கைச் சொல்ல வேண்டும். நிஷா பிரியா பாட்டியா 'ரா'வில் பணியாற்றினார். 2007இல் மேலதிகாரிகள்மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். புகார் உரிய முறையில் கையாளப்படவில்லை. 2008 ஆகஸ்டில் பிரதமர் அலுவலகத்துக்கு வெளியே தற்கொலைக்கு முயன்றார். ஊடகங்களில் செய்தி வந்தது. 2009இல் அமைப்பின் 135ஆம் விதிப்படி அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். உளவு அதிகாரி என்று அம்பலமாகிவிட்டவரை, அல்லது பாதுகாப்புக் காரணத்தால் பணிக்கு உதவாதவராகிவிட்டவரை வெளியே அனுப்பலாம் என்பது அந்த விதி. புகார் வெளியே தெரிந்ததே வேலைக்குத் தகுதியின்மை ஆகிவிட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. புகாரைக் கையாண்ட விதத்தில் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று ஏற்று ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதிகாரி நிலையில் இருந்த ஒருவருக்கே கிடைத்தது இவ்வளவுதான்.

இப்போது சாதிக்கு வருவோம். உளவு அமைப்புகளில் சாதிக் கொடுமை எவ்வளவு என்று புள்ளிவிவரத்தோடு பேச முடியாதபடி அந்த அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஐ.பி.க்கும் 'ரா'வுக்கும் விலக்குத் தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு. தமிழ்நாடு அரசும் தன் உளவுப் பிரிவுகளுக்கு இதே விலக்கைக் கொடுத்திருக்கிறது. நுழைவில் எத்தனை எஸ்.சி. இடம் என்று அறிவிப்பில் படிக்கலாம். உள்ளே போனவர்களில் எத்தனை பேர் பதவி உயர்வு பெற்றார்கள், எத்தனை பேருக்கு ரகசிய மதிப்பீட்டில் கறுப்புப் புள்ளி விழுந்தது என்று ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கேட்பதுபோல இங்கே கேட்க முடியாது.

பொதுத்துறை நிறுவனங்களில் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கங்கள் எப்படி இயங்குகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ரோஸ்டர் பதிவேட்டைக் காட்டு என்று கேட்பார்கள். பின்னடைவுப் பணியிடம் எங்கே என்று கேட்பார்கள். தேசிய ஆணையத்துக்கு மனுப் போடுவார்கள். ஏப்ரல் 14க்கு மாலை போடுவதோடு நிற்பதில்லை. இட ஒதுக்கீடு காகிதத்திலிருந்து நாற்காலிக்கு வந்ததில் பெரும்பங்கு இந்தச் சங்கங்களின் சலியாத நச்சரிப்புக்கு உண்டு. சட்டம் சும்மா கிடந்தால் யாரும் எடுத்துப் பரிமாற மாட்டார்கள்.

1985 சட்டத்தின் 3(1)(ஆ) உட்பிரிவைப் பாருங்கள். அமைப்பால் ஏற்கப்படாத எந்தச் சங்கத்திலும் ஊழியர் இருக்கக் கூடாது. ஆனால் முழுக்க முழுக்கச் சமூக, பொழுதுபோக்கு, மதத் தன்மை மட்டும் கொண்டதாக இருந்தால் பரவாயில்லை. இதன்படி அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து பஜனைக் குழு வைக்கலாம். கேரம் போர்டு மன்றம் வைக்கலாம். பத்து தலித் ஊழியர்கள் சேர்ந்து, நமக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு சங்கம் வைத்தால், நிர்வாகமே மனமிரங்கி ஏற்றுக்கொண்டாலொழிய, அது சிறைக்குரிய குற்றமாகலாம். சட்டம் எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். நினைக்காமல் எழுதினாலே போதுமானதாக இருக்கிறது.

இந்த மேல்பட்டாம்பாக்கத்தில் நின்று இதைப் பேசும்போது 1860களின் தொடக்கத்தில் இங்கே பெத்தானியாவை நிறுவிய கார்ல் ஓக்ஸ் நினைவுக்கு வருகிறார். லைப்சிக் மிஷனின் ஊழியர் அவர். சபைக்குள் சாதியை அனுமதிக்கும் தன் மிஷனின் போக்கோடு மோதி, வெளியேறி, இங்கே வந்தார். முதலாளியோடு சாதிக்காகச் சண்டை போட்ட ஓர் ஊழியர். அவருக்கு வாய் திறக்கவும் எழுதவும் வெளியேறிய பிறகு காரணம் சொல்லவும் முடிந்தது. உளவு அமைப்பில் இருக்கும் ஒரு தலித் ஊழியர் இந்த மூன்றில் எதையும் செய்ய முடியாது.

ஐ.பி. எந்தச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது என்ற கேள்வியும் திறந்தே கிடக்கிறது. அதற்கென நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. ஆர்.என். குல்கர்னி என்ற ஓய்வுபெற்ற ஐ.பி. அதிகாரியே இதைக் கேட்டுக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். வாழ்நாளெல்லாம் உழைத்த அலுவலகத்துக்குச் சட்டப் பிறப்பு இருக்கிறதா என்று வயதான காலத்தில் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2011இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. அமைப்பைப் பிறப்பிக்கச் சட்டம் இல்லை, அதன் ஊழியரின் வாயைக் கட்ட மட்டும் சட்டம் இருக்கிறது.

இது அவர்கள் சங்கதி, ஆசிரியருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மின்வாரிய ஊழியருக்கும் என்ன என்று கேட்கக் கூடாது. 311இன் அந்த இ விலக்கைப் பயன்படுத்தி ஜம்மு காஷ்மீரில் 2021 முதல் ஆசிரியர்களும் காவலர்களும் பிற ஊழியர்களும் விசாரணையின்றி நீக்கப்பட்டு வருகிறார்கள். அதற்கான காகிதம் உளவு அறிக்கையிலிருந்துதான் கிளம்புகிறது. அறிக்கையை எழுதியவரும் தன் பங்குக்கு அதே விலக்கின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 338ஆவது பிரிவு பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்துக்குத் தனிப்பட்ட புகார்களை விசாரிக்கும் கடமையையும், விசாரணையில் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் தருகிறது. 1985 சட்டமோ அமைப்பின் ஆட்களையும் நிர்வாகத்தையும் பற்றி யாரோடும் பேசாதே என்கிறது. ஐ.பி.யில் இருக்கும் ஓர் எஸ்.சி. ஊழியர் பதவி உயர்வு மறுப்பைப் பற்றி ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் அது புகாரா, குற்றமா? அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவும் ஒரு சாதாரணச் சட்டமும் நேருக்கு நேர் நிற்கும்போது எது வெல்லும் என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள். அதை இந்த விஷயத்தில் நீதிமன்றத்தின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். வேலையில் இருப்பவர் கேட்க முடியாது. வெளியே இருக்கும் அமைப்புகள், நம்மைப் போன்றவை, பொதுநல வழக்காகக் கேட்கலாம். ஏ.சி.ஐ.ஓ. தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பணி ஆணை வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டால் நல்லது. வாங்கிய பிறகு அவர்கள் நம்மிடம் வந்து சொல்வதும் 3(1)(ஈ)யின் கீழ் வந்துவிடும்.